வைட் ரிஸ்க்: ஏப்ரலில் சுவிஸ் மலைக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய செயலி

கொழும்பில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் ஐரோப்பாவில் உயிர்த்த ஞாயிறு விடுமுறையும் அனேகமாக ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. விசா கிடைத்த குடும்பங்கள் சூரிச்சுக்கும் பேர்ணுக்கும் லூசேர்னுக்கும் உறவுகளைப் பார்க்கப் புறப்படுவது அந்த நாட்களில்தான். போய் இறங்கிய இரண்டாம் நாளே, "சித்தப்பா, வாங்கோ, ஒருக்கா பனிக்குப் போட்டு வருவம்" என்று அங்கே வளர்ந்த பிள்ளைகள் கூப்பிடுவார்கள். கேபிள் காரில் 2000 மீற்றருக்கு மேலே போய், பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் ஸ்னோஷூவை வாடகைக்கு எடுத்து, பாதையை விட்டு விலகிச் சற்று நடந்தால், நீல வானமும் சுள்ளென்ற வெயிலும் கண்ணைப் பறிக்கும். அந்தச் சரிவு பாதுகாப்பானதா என்று கேட்க வெள்ளவத்தையிலிருந்து போனவருக்குத் தோன்றாது. தோன்றினாலும் பதில் சொல்ல அவரிடம் எந்த அளவுகோலும் இருக்காது.

ஏப்ரல் வந்தால் குளிர்காலம் முடிந்தது என்ற கணக்கு மலையில் செல்லாது. 2024 ஏப்ரல் 1, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், செர்மாட்டுக்கு மேலே ரிஃபெல்பேர்க்கில் பனிச்சரிவில் மூன்று பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறன்று, பிரான்சின் ஆர்மான்செட் பனியாற்றில் ஆறு பேர்.

இங்கே மதிப்பிடும் வைட் ரிஸ்க் செயலி, டாவோஸ் நகரில் இருக்கும் எஸ்.எல்.எஃப். என்ற பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் தயாரிப்பு. சுவிஸ் விபத்துக் காப்புறுதி நிறுவனமான சுவாவும் இதில் பங்காளி. செயலியின் உயிர்நாடி, எஸ்.எல்.எஃப். 1945 முதல் பொதுமக்களுக்கு வெளியிட்டுவரும் பனிச்சரிவு அறிக்கை. வாசிக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. கொழும்பில் இருந்தபடியே திறக்கலாம். முழு சுவிசுக்கும் லிக்டன்ஸ்டைனுக்கும் வரைபடம் வரும்.

நம் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். உறவினர் மலைக்குக் கூட்டிப்போகக் கூடும் என்றால், விமானம் ஏறுமுன் இதை இறக்கி, ஒரு கிழமையாவது தினமும் பார்த்துப் பழகுங்கள். ஆனால் இதில் தெரியும் 1, 2, 3 என்ற ஆபத்து நிலை எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு வசந்தகாலத்தில் இந்தச் செயலி பாதிப் பயன்தான் தரும். மார்ச் பிற்பகுதியிலிருந்து இந்த அறிக்கையை ரயில் நேர அட்டவணையைப் போல வாசிக்க வேண்டும். எந்தச் சரிவில் எத்தனை மணி வரை நிற்கலாம் என்பதே அதில் நாம் தேட வேண்டிய தகவல்.

முதலில் வெளியீட்டு நேரம். முக்கியப் பதிப்பு சுவிஸ் நேரப்படி மாலை 5 மணிக்கு வரும். அடுத்த நாள் மாலை வரை அது செல்லும். நடுக்குளிர்காலத்தில் காலை 8 மணிக்கும் ஒரு புதுப்பிப்பு உண்டு. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவார்கள். அதற்குப் பிறகு நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் மூன்றரை மணித்தியாலம். ஆகவே ஏப்ரலில் மாலைப் பதிப்பு கொழும்பு நேரம் இரவு 8.30க்கும், காலைப் பதிப்பு இருந்தால் முற்பகல் 11.30க்கும் வரும். அதற்கு முன் திறந்து பார்ப்பவர் காண்பது இன்றைய நாளுக்கான அறிக்கை. அதை நாளைக்கானது என்று நினைத்து உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பது சுலபமாக நேரும் தவறு. அறிக்கையின் தலையில் இருக்கும் திகதியையும் செல்லுபடி நேரத்தையும் படித்த பிறகு வரைபடத்தைப் பாருங்கள்.

அடுத்தது நிறம். நம்மவர்கள் கூடுதலாகத் தவறுவது இங்கேதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கை நமக்குப் பழகிய விடயம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையகத்துக்கு மூன்று நிறத்தில் எச்சரிக்கை விடும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. மண்சரிவில் புதைந்த மீரியபெத்தையையும் அரநாயக்கவையும் மறக்காத எவருக்கும் இந்த வரிசை மனதில் பதிந்திருக்கும். அந்தக் கண்ணோடு சுவிஸ் வரைபடத்தைப் பார்த்தால், செம்மஞ்சள் என்பது இன்னும் ஒரு படி மிச்சம் இருக்கிற நிலை என்று படும். அது அப்படியல்ல.

ஐரோப்பாவில் 1993இல் ஒத்துக்கொள்ளப்பட்ட ஐந்து நிலை அளவுகோல் இது: 1 பச்சை, 2 மஞ்சள், 3 செம்மஞ்சள், 4 சிவப்பு, 5 சிவப்பும் கறுப்பும் கலந்த கட்டம். நிலை 5 மிக அரிது. சுவிசில் குளிர்கால நாட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாட்களுக்கு நிலை 3 அறிவிக்கப்படுகிறது. பனிச்சரிவு இறப்புகளில் ஏறத்தாழ அரைவாசி அந்த நாட்களில் நிகழ்கிறது. நிலை 4 வந்தால் மக்கள் பெரும்பாலும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். நிலை 3 அன்று வானம் வெளித்திருக்கும், மலை அழைக்கும், ஒரு தனி ஆளின் பாரம் சரிவை உடைக்கப் போதுமானதாக இருக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் நாட்டு எச்சரிக்கை வீட்டில் இருப்பவரை எழுப்பி வெளியேற்றுவதற்கானது. இந்த அறிக்கையோ பெரும்பாலும் தானாகவே சரிவுக்குள் போகிறவருக்காக எழுதப்படுகிறது. பாரச் சரிவில், அதாவது பனி ஒரு தட்டாகப் பிளந்து மொத்தமாகப் புறப்படும் பனிச்சரிவில், சிக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் தாமோ தம் கூட்டத்தவரோ கால்வைத்து உடைத்த பனியிலேயே சிக்கியிருக்கிறார்கள். ஆகவே அனுபவம் இல்லாதவர், வழிகாட்டி துணை இல்லாதவர், செம்மஞ்சளில் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

வசந்தகாலத்துக்கென்று இந்த அறிக்கையில் ஓர் அமைப்பு உண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏப்ரலில் இதைத் திறப்பதில் பொருளில்லை. பகல் ஏற ஏற ஈரப்பனியின் ஆபத்து கூடும் நாட்களில் இரண்டு வரைபடங்கள் தரப்படும். ஒன்று உலர்பனிச் சரிவுக்கு. மற்றது பகலில் வரும் ஈரப்பனிச் சரிவுக்கு. செயலியைத் திறந்ததும் கண்ணில் படும் முதல் படம் பச்சையாக இருக்கலாம். அடுத்ததைத் தட்டிப் பார்த்தால் அதே பள்ளத்தாக்கு செம்மஞ்சளாக இருக்கும். இரண்டும் உண்மை, ஒன்று காலைக்கு, மற்றது பிற்பகலுக்கு. முதல் படத்தோடு செயலியை மூடிவிடுகிறவர் அரை அறிக்கையைத்தான் படித்திருக்கிறார்.

உயரக் குறியையும் கவனிக்க வேண்டும். குளிர்காலத்தில் பெரும்பாலும் "இத்தனை மீற்றருக்கு மேலே" என்று வரும், மலைச் சின்னத்தின் உச்சி நிறமிடப்பட்டிருக்கும். ஈரப்பனிக்கு இது தலைகீழாக, "2600 மீற்றருக்குக் கீழே" என்று வரும். சின்னத்தின் அடிப்பாகம் நிறமிடப்படும். கீழே என்றால் குடும்பங்கள் நடக்கிற, பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற உயரம். பக்கத்தில் இருக்கும் திசை வட்டம் எந்தத் திசை பார்த்த சரிவு என்பதைக் காட்டும். நிறமிட்ட திசைகளுக்கும் உயரத்துக்கும் வெளியே ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுவாக அங்கே ஒரு நிலை குறைவு, அவ்வளவுதான். எல்லைக் கோடும் கத்தி வைத்து வெட்டியதுபோல் இருப்பதில்லை.

இனி இந்த நேரக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அதைப் புரிந்தவருக்கு அறிக்கையின் ஒவ்வொரு வரியும் தானாக விளங்கும்.

நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். தேயிலைத் தளிர் கருகும். அந்த இரவில் காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலேயே இருந்திருக்கலாம். வானத்தில் முகில் இல்லை, காற்று உலர்ந்து அசையாமல் இருக்கிறது என்றால், தரை தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு வீசிவிட்டுக் காற்றைவிடப் பல பாகை குளிர்ந்துவிடும். முகில் மூடிய இரவில் அந்த உறைபனி விழாது. ஆல்ப்ஸில் வசந்தகாலப் பனியின் உறுதி முழுக்க இந்த ஒரே விடயத்தில் தங்கியிருக்கிறது. பகலில் உருகிய மேற்பரப்பு, வெளித்த இரவில் கெட்டியாக உறைந்து ஒரு தட்டாகிறது. காலையில் அதன் மேல் நடந்தால் பாதம் பதியாது. முகில் மூடிய இரவில், காற்று அதே வெப்பநிலையில் இருந்தாலும், பனி உறையாமல் ஈரமாகவே விடியும். அன்று பிற்பகலுக்குரிய ஆபத்து காலை எட்டு மணிக்கே தொடங்கிவிடும். கொழும்பில் நாம் பகல் வெயிலைப் பார்த்து நல்ல நாள் என்கிறோம். அங்கே ஏப்ரலில் முந்தைய இரவின் வானத்தைக் கேட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

உறைந்த தட்டு உடனே கரையாததற்கும் காரணம் உண்டு. பூச்சியப் பாகையில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. அந்த உருகும் அவகாசமே நமக்குக் கிடைக்கும் காலை நேரம். ஏப்ரல் நடுவில் அங்கே ஆறரை மணி அளவில் சூரியன் எழும். முதலில் கிழக்குப் பார்த்த சரிவுகள் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. வடக்குச் சரிவுகள் வெயிலைக் குறைவாகவே காண்பதால் அவற்றில் இன்னும் குளிர்காலப் பனி உலர்ந்தபடி கிடக்கும்; அங்கே பிரச்சினையே வேறு.

அந்த வடக்குச் சரிவு முதல் முறையாக நனையும் நாட்கள் மிக மோசமானவை. மேலே உருகிய நீர் கீழே இறங்கி, பழைய பனிக்கட்டிப் படையிலோ, நுண்ணிய பனிமணிகளுக்குக் கீழே பெரிய பனிமணிகள் உள்ள எல்லையிலோ தேங்கி நிற்கும். தேங்கிய இடத்தில் மணிகளுக்கு இடையிலான பிணைப்பு கரையும். மேலே இருக்கும் பாரம் முழுவதும் அந்த நனைந்த படையில் வழுக்கிப் புறப்படும். பலமுறை நனைந்து, வடிந்து, உறைந்த பனி இதைவிட உறுதி. நீர் போக அதற்குள் வழி விழுந்திருக்கும். அறிக்கையில் "முதல் நனைவு" என்ற பொருளில் ஏதும் எழுதியிருந்தால் அன்று மலையின் அடிவாரப் பாதைகளையும் சேர்த்துத் தவிருங்கள். பனி மேல் மழை பெய்வதும் இதே கதைதான். ஐந்து பாகை மழைநீர் ஒரு கிலோ, குளிர்ந்து பூச்சியத்துக்கு வரும்போது கொடுப்பது வெறும் 21 கிலோஜூல். அதே நீர் குளிர்ந்த பனிக்குள் உறைந்தால் 334ஐயும் அங்கேயே விட்டுவிடும். ஆகவே மழை தன் சூட்டினால் பனியைக் கெடுக்கிறது என்பதைவிட, உள்ளே போய் உறைந்தும் தேங்கியும் கெடுக்கிறது என்பதே சரி.

சகாரா மணல் பற்றியும் அறிக்கையில் சில ஆண்டுகளில் குறிப்பு வரும். 2021 பெப்ரவரியில் ஆல்ப்ஸ் முழுவதும் பழுப்பாகப் படிந்தது பலருக்கு நினைவிருக்கும். புதுப்பனி வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அழுக்குப் பனி அந்த வெயிலை உறிஞ்சும். மணல் படை மேலே வந்துவிட்ட ஆண்டில் எல்லா நேரக் கணக்கையும் முன்னே இழுத்துவைக்க வேண்டும்.

செயலியின் ஆகச் சிறந்த பகுதி, பலர் திறந்தே பார்க்காத அளவீட்டு நிலையப் பக்கம். மலைகளில் 180க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் காற்று, பனி ஆழம், காற்றின் வெப்பநிலை ஆகியவற்றோடு பனி மேற்பரப்பின் வெப்பநிலையையும் அளந்து அனுப்புகின்றன. போக இருக்கும் இடத்துக்கு அருகே, அதே உயரத்தில் உள்ள ஒன்றைத் தேர்ந்து, இரவு முழுதுக்குமான கோட்டைப் பாருங்கள். காற்று +2 பாகை, பனி மேற்பரப்பு -8 பாகை என்று இரண்டு கோடுகளும் விலகி ஓடினால் வானம் வெளித்திருந்தது, தட்டு உறைந்திருக்கிறது. மேற்பரப்புக் கோடு பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டே விடிந்திருந்தால் ஒன்றும் உறையவில்லை; பயணத்தை அன்று விட்டுவிடலாம். நுவரெலியா உறைபனியை விளங்கிக்கொண்டவருக்கு இந்த வரைபு அரை நிமிட வேலை. இதற்காக மட்டுமே செயலியைப் பரிந்துரைக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்து முழுதாக வாசித்துப் பார்ப்போம். அறிக்கை இப்படி இருக்கிறது என்று கொள்ளுங்கள்: காலையில் உலர்பனி, நிலை 1. பகலில் ஈரப்பனி, நிலை 3, கிழக்கிலிருந்து தெற்கு வழியாக மேற்கு வரை, 2600 மீற்றருக்குக் கீழே. நிலையத்தில் மேற்பரப்பு இரவில் -7. உறவினர் காட்டும் நடை 1900 மீற்றரில் தொடங்கி 2400இல் ஒரு குடில் வரை. இதில் எத்தனை மணி நேர நடை என்பதைவிடத் திரும்பி வரும் பாதை எந்தத் திசை பார்த்தது என்பதை முதலில் கேளுங்கள். ஏறுவது வடமேற்கு நிழலில், இறங்குவது தென்கிழக்கு வெயிலில் என்றால், இறங்கும் நேரம்தான் கணக்கு. ஆறரைக்கு நடக்கத் தொடங்கி, ஒன்பதுக்குக் குடிலில் தேநீர் குடித்து, பத்தரைக்குள் அந்தத் தென்கிழக்குச் சரிவைக் கடந்து முடித்திருக்க வேண்டும். வீட்டில் புட்டும் சம்பலும் சாப்பிட்டு, பத்து மணிக்குக் காரில் ஏறி, பகல் ஒன்றரைக்குச் சரிவின் நடுவில் நிற்கும் குடும்பம், காலையில் பச்சையாக இருந்த அதே வரைபடத்தின் செம்மஞ்சளுக்குள் நிற்கிறது. பத்து மணிக்குத்தான் புறப்பட முடியும் என்றால் இளஞ்சிவப்பு அடையாளப் பலகை உள்ள, திறந்திருக்கும் குளிர்கால நடைபாதையிலேயே இருங்கள். அந்தப் பாதைகளைத் திறப்பதும் மூடுவதும் பனிச்சரிவு ஆபத்தைப் பார்த்தே நடக்கிறது. மூடப்பட்ட பாதையின் கயிற்றைத் தாண்டக் கூடாது.

நடக்கும்போது காலே கருவி. பாதம் தட்டின் மேல் நிற்கிறதா? நல்லது. கணுக்கால் வரை புதைகிறதா? திரும்பும் நேரம். முழங்காலை நெருங்கிப் புதைந்தால் நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது. செங்குத்தான சரிவின் மேலும் கீழும் நிற்காமல் விலக வேண்டும். மேலேயிருந்து பனி உருண்டைகள் சக்கரம்போல உருண்டு வருவது, பாறைக்குக் கீழே சிறு பனிச்சரிவுகள் புள்ளியில் தொடங்கி விரிந்து இறங்குவது ஆகியவை அந்தத் திசை இளகிவிட்டது என்பதற்கான நேரடிச் செய்தி. சரிவின் கோணத்தைச் செயலியின் நில வரைபடத்திலேயே பார்க்கலாம். மஞ்சள் 30 முதல் 35 பாகை, செம்மஞ்சள் 35 முதல் 40, சிவப்பு 40 முதல் 45, ஊதா அதற்கு மேல். இங்கே நிறம் கோணத்தைக் குறிக்கிறது, ஆபத்து நிலையை அல்ல. இரண்டையும் கலக்க வேண்டாம். பாரச் சரிவு தொடங்குவது பெரும்பாலும் 30 பாகைக்கு மேல். ஆனால் அது வந்து நிற்பது கீழே, சமதரையில், சில வேளை பச்சைப் புல்வெளியில். பாய் விரித்துச் சாப்பிட இடம் தேடும்போது நிற்கும் இடத்தைப் பார்ப்பதோடு விடாமல், அதற்கு மேலே என்ன தொங்குகிறது என்று தலை நிமிர்ந்து பாருங்கள்.

வழுக்கும் பனி தனி வகை. மேற்சொன்ன நேரக் கணக்கு எதற்கும் அது அடங்காது. புல் மூடிய வழவழப்பான சரிவில், பனி முழு ஆழத்தோடும் தரை மேல் மெல்ல வழுக்கும். மேலே மீன்வாய் போலப் பிளவு திறந்து மண் தெரியும். அது இரவிலும் விழும், உறைந்த காலையிலும் விழும், நாட்கணக்கில் விழாமலும் இருக்கும். ஆள் மிதித்து அதை விழுத்துவதும் அரிது. செய்யக்கூடியது ஒன்றே: பிளவுக்குக் கீழே நிற்காதிருப்பது, கடக்க நேர்ந்தால் ஒவ்வொருவராக வேகமாகக் கடப்பது. வழுக்கும் பனிக்கான சின்னம் அறிக்கையில் இருக்கும் நாளில் பிள்ளைகள் பிளவைப் படம் எடுக்கக் கீழே போய் நிற்பதைத் தடுங்கள்.

குறைகளுக்கு வருவோம். முதற் குறை மொழி. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் நான்கும் உண்டு. பல்லாயிரம் தமிழர் வாழும் நாட்டில் தமிழ் இல்லை. அன்றைய ஆபத்து எந்த வகைப் பனியால் என்று அறிக்கை காட்டும் ஐந்து சின்னங்களுக்கும் பெயரைத் தெரிந்துகொண்டால் பாதித் தடை நீங்கும். நொய்ஷ்னே என்றால் புதுப்பனி, ட்ரீப்ஷ்னே காற்று அள்ளிக் குவித்த பனி, ஆல்ட்ஷ்னே உள்ளே புதைந்த பழைய பலவீனப் படை, நாஸ்ஷ்னே ஈரப்பனி, கிளைட்ஷ்னே வழுக்கும் பனி. ஏப்ரலுக்குக் கடைசி இரண்டும் முக்கியம். உயர்ந்த வடக்குச் சரிவுக்கு ஆல்ட்ஷ்னே. அங்கே வளர்ந்த பிள்ளைகளோடு பேசும்போது இந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள். பேச்சு உடனே காரியத்துக்கு வரும்.

இரண்டாவது குறை கொஞ்சம் நுட்பமானது. 2022 டிசம்பர் முதல் நிலை 2க்கும் அதற்கு மேலும் உட்பிரிவு தருகிறார்கள். 3 கழித்தல், 3 சமன், 3 கூட்டல் என்று; முறையே அந்த நிலையின் கீழ்ப்பகுதி, நடு, மேற்பகுதி. உலர்பனிக்கு இது மிக உதவியான ஏற்பாடு. ஈரப்பனிக்கு அந்த உட்பிரிவு இல்லை. வசந்தத்தில் நமக்கு மிகவும் வேண்டிய இடத்தில் அளவுகோல் பருமனாகவே இருக்கிறது. அந்த இடைவெளியை அறிக்கையின் எழுத்துப் பகுதி நிரப்புகிறது. ஆபத்து எப்போது ஏறத் தொடங்கும், பனிச்சரிவுகள் எவ்வளவு பெரிதாகலாம், பாதுகாப்பான பாதைகளையும் தொடுமா என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். நேரமில்லாதவர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்காமல் விட்டாலும் நட்டம் குறைவு.

மூன்றாவது, பரப்பு. அறிக்கை ஒரு வட்டாரத்துக்கு எழுதப்படுகிறது, குறிப்பிட்ட ஒரு சரிவுக்கு அல்ல. "செயலியில் 2 என்றுதானே போட்டிருந்தது" என்று அந்தச் சரிவைப் பார்த்துச் சொல்ல இயலாது.

நான்காவது, பருவ முடிவு. வசந்தம் முதிர முதிர வெளியீடு குறைந்து, பருவம் முடிந்த பிறகு பெரிய பனிப்பொழிவு வந்தால் மட்டும் அறிக்கை வரும். மே மாதத்தில் போகிறவர்கள் வெறும் வரைபடத்தைப் பார்த்து ஆபத்து இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அறிக்கை இல்லாத வரைபடம் பச்சை வரைபடம் ஆகாது.

மலையில் எல்லா இடத்திலும் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. அறிக்கையை பி.டி.எஃப். கோப்பாக எடுத்து வைக்கலாம். முந்தைய இரவு விடுதி வைஃபையில் இறக்கி, இரண்டு வரைபடத்தையும் திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும். தொலைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

இந்தச் செயலி ஒருவரையும் தோண்டி எடுக்காது. பாதையை விட்டு விலகும் ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் தேடுகருவி, குறைந்தது 240 சென்டிமீற்றர் நீளமான துழாவு கோல், உலோக மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும். கொழும்பில் தேடி அலைய வேண்டாம்; மலையூர்களின் விளையாட்டுப் பொருட் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். தேடுகருவியைச் சட்டைக்குள்ளே கட்டி, புறப்படும்போதே சமிக்ஞை அனுப்பும் நிலையில் போட்டு, தொலைபேசியை அதிலிருந்து 20 சென்டிமீற்றருக்கு அப்பாலும், தேடும்போது 50 சென்டிமீற்றருக்கு அப்பாலும் வைக்க வேண்டும். பழகாத கையில் இவை பாரம் மட்டுமே. புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் அளவுக்கு அது விழுந்துவிடும். ஈரப்பனி நின்றதும் கொங்கிறீற் போல இறுகும். ஒரு கன மீற்றர் அரைத் தொன் நிறைக்குக் கிட்ட வரும். பிளாஸ்டிக் மண்வெட்டி உடைவது அதனால்தான். அவசர இலக்கம் 1414, வலே மாநிலத்தில் 144, எங்கிருந்தும் 112.

விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோக் காப்புறுதியையும் ஒருமுறை வாசியுங்கள். குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே நடக்கும் விபத்தையும் ஹெலிகொப்டர் மீட்பையும் விலக்கும் வரிகள் பல ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். கொழும்பில் முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது ஒரு மின்னஞ்சல் வேலை.

எல்லை தாண்டினால் இந்தச் செயலி கைகொடுக்காது. ஒஸ்ரியாவின் திரோலுக்கும் இத்தாலியின் தென் திரோல், திரெந்தினோவுக்கும் பொதுவான அறிக்கை 2018 முதல் தனியாக வருகிறது. பிரான்சுக்கு அந்நாட்டு வானிலை நிறுவனமான மெத்தேயோ பிரான்ஸ். நிலைகளும் நிறங்களும் எங்கும் ஒன்றே, ஆகவே ஒன்றைப் பழகியவர் மற்றதையும் வாசிப்பார். கொழும்பிலிருந்து நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாமுக்குப் போகும் கூட்டங்களும் இப்போது கூடியிருக்கின்றன. அங்கே இதன் வரைபடம் வெறுமையாக இருக்கும், ஆனால் கடிகாரம் அதேதான். தேவராலிக்கும் மச்சாபுச்ரே முகாமுக்கும் இடையில், ஹியுன்சூலி சிகரத்தின் பக்கத்திலிருந்து பனி இறங்கும் ஓடைகளை மார்ச், ஏப்ரலில் விடியற்காலையில் கடக்க வேண்டும். ஒவ்வொருவராக, நடுவில் நிற்காமல். மேலே கண்ணுக்குப் பனியே தெரியாவிட்டாலும் அப்படித்தான். அது புறப்படும் இடம் பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத உயரத்தில் இருக்கிறது. பாதை மாற்றுமாறு தேவராலி விடுதிக்காரர் சொன்னால், முன்பதிவுப் பணத்தைக் கணக்குப் பார்க்காமல் ஆற்றின் மறுகரைப் பாதையை எடுங்கள்.